பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் ஹக்கு

காவிரி கடலோடு கலக்குமிடத்தில் இருந்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய சங்க நூல் பட்டினப்பாலை. கரிகால் சோழனின் பெருமையைச் சொல்ல வந்த அந்நூலில், உருத்திரங்கண்ணனார் ஒரு சிறு காட்சியையும் வைத்திருக்கிறார். முற்றத்தில் உணவுப்பொருள் காய்கிறது. அதைக் கொத்த வந்த கோழியை விரட்ட, வீட்டுப்பெண் தன் காதிலிருந்த குழையைக் கழற்றி எறிகிறாள். அக்குழை, சிறுவர்கள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. நகரத்தின் செல்வச் செழிப்பைக் காட்டவே புலவர் இதைச் சொன்னார். நம் கண்ணில் வேறொன்று படுகிறது. தஞ்சைத் தரணியின் மிகப் பழைய விளையாட்டுப் பொருள்களுள் ஒன்று நமக்கு அறிமுகமாகும்போதே பொதுத்தெருவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறர் நடக்கும் வழியில் குழந்தையின் விளையாட்டும் கலந்தே இருந்தது.

பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை வளர்ந்தபோது, குழந்தையின் விளையாட்டுக்கே மூன்று பருவங்கள் ஒதுக்கப்பட்டன. ஆண்பால் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. சிறுபறை என்றால் குழந்தை கொட்டி முழக்கும் சின்னஞ்சிறு பறை. ஒலியெழுப்பும் விளையாட்டுப் பொருளுக்கு இலக்கியத்தில் இவ்வளவு உயர்ந்த இடம் கொடுத்த மொழிகள் அதிகம் இருக்கமாட்டா. ஆனால் அதற்கு முந்தைய சிற்றில் பருவத்தில் சிறுமியர் என்ன சொல்கிறார்கள்? தாங்கள் மணலில் கட்டிய சின்ன வீட்டை மிதித்துச் சிதைக்க வேண்டா என்று அந்தப் பிள்ளையிடம் மன்றாடுகிறார்கள். தன் விளையாட்டு அடுத்தவரின் விளையாட்டைக் கெடுத்துவிடலாகாது என்னும் முதல் பாடம் அங்கே வந்துவிடுகிறது. தமிழ் முஸ்லிம் புலவர்களும் இவ்வகையைக் கையாண்டனர். செய்யிது அனபிய்யா புலவர் இயற்றிய நபிநாயகம் பிள்ளைத்தமிழ் இதற்கு அறியப்பட்ட சான்று. அதன் கற்பனைகள் மார்க்க ஆதாரமாகா என்பது வேறு விஷயம். குழந்தையின் ஆரவாரத்தை இழிவாக எண்ணாத ஒரு பண்பாட்டில் நம் முன்னோர் வாழ்ந்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

கிலுகிலுப்பையின் வயது இதைவிடக் கூடுதல். சிந்துவெளி அகழாய்வுகளில் சுடுமண்ணால் ஆன கிலுகிலுப்பைகளும் ஊதல்களும் கிடைத்திருக்கின்றன. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலில், ஆர்க்கிடஸ் என்பவர் பெயரால் வழங்கிய ஒரு கிலுகிலுப்பையைக் குறிப்பிடுகிறார். குழந்தைகளால் சும்மா இருக்க முடியாது. கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் வீட்டிலுள்ள பொருள்களை உடைக்காமல் இருப்பார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். வீட்டில் குழந்தையுள்ள யாரும் இதை மறுக்கமாட்டார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இன்னும் ஆழமாகச் செல்கிறார்கள். மக்தபிலிருந்து திரும்பிய பிள்ளையை நல்ல விளையாட்டுக்கு விட்டுவிட வேண்டும். எந்நேரமும் படி படி என்று நெருக்கினால் அவன் இதயம் செத்துவிடும், அறிவு மழுங்கிவிடும் என்று எச்சரிக்கிறார்கள். நம் மதரஸாக்களில் பிள்ளைகளைக் குரல் எழும்பாமல் உட்கார வைப்பதையே தர்பியத் என்று நினைப்பவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

டெல்டாவின் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்து விளையாட்டுப் பொருள் வாங்க வேண்டிய தேவை அதிகம் இருந்ததில்லை. வாய்க்கால் கரையில் பூவரச மரம் நின்றது. அதன் இலையைச் சுருட்டி, ஒரு முனையை லேசாக நசுக்கி ஊதினால் பீப்பி. தென்னங்கீற்றிலும் பீப்பி செய்யலாம். பனையோலையைப் பெட்டி போல் முடைந்து உள்ளே குன்றிமணியோ சிறுகல்லோ போட்டால் கிலுகிலுப்பை. இவையெல்லாம் நன்றாகவே சத்தம் போடும். ஆனால் அந்தச் சத்தம் எங்கே போயிற்று? வரப்பின்மீது ஊதிய பீப்பியின் ஒலி வயல்வெளியில் கரைந்துவிடும். பூவரச இலை மாலைக்குள் வாடிவிடும். அதோடு சத்தமும் முடிந்தது. பயணமும் அப்படியே இருந்தது. நாகூருக்கோ தஞ்சாவூருக்கோ போகிறவர்கள் நடந்தார்கள், அல்லது மாட்டு வண்டியில் போனார்கள். ஒரு வண்டியில் ஒரு குடும்பம். பிள்ளை என்ன சத்தம் போட்டாலும் அது வாப்பாவின் காதுக்கும் உம்மாவின் காதுக்கும்தான் எட்டும், மிஞ்சினால் வண்டிக்காரருக்கு.

இந்நிலையை மாற்றியது ரயில். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை 1861ஆம் ஆண்டில் ரயில் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு 1862ல் அது திருச்சிராப்பள்ளியை எட்டியது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி போட்ட ஏறத்தாழ 78 மைல் பாதை அது. நெல்லும் துணியும் துறைமுகத்துக்குப் போகவேண்டும் என்பதே கம்பெனியின் கணக்கு. ஆனால் மனிதர்கள் திரண்டு வந்து ஏறினார்கள். தமிழ்நாட்டின் தொடக்ககால ரயில் பாதைகளுள் ஒன்றில், நம் நாகூர், நாகப்பட்டினம் ஜமாஅத்துகளைச் சேர்ந்தவர்கள் மற்றெல்லா மக்களோடும் ஒரே மரப்பலகையில் தோளோடு தோள் உரசி அமர்ந்தார்கள். முன்பின் அறியாதவர், வேறு ஊரார், வேறு மதத்தார், வேறு சாதியார் எல்லாரும் ஒரே பெட்டிக்குள். இறங்கி விலகிப் போக வழியில்லை. அடுத்த நிலையம் வரும்வரை யார் என்ன சத்தம் எழுப்பினாலும் அனைவரும் கேட்டே ஆகவேண்டும்.

மூன்றாம் வகுப்புப் பெட்டியின் நிலையைக் காந்தியடிகள் 1917ஆம் ஆண்டு தனிக் கட்டுரையாகவே எழுதினார். நெரிசலையும் அழுக்கையும் பற்றி ரயில்வே நிர்வாகத்தைக் கண்டித்த அவர், பயணிகளின் பழக்கவழக்கங்களையும் விட்டுவைக்கவில்லை. இருதரப்பையும் ஒருசேரச் சொன்ன அந்த நேர்மை இன்றும் நமக்கு வேண்டியிருக்கிறது. பெட்டிகள் போதாமை அரசின் குறை. பெட்டிக்குள் நாம் எப்படி இருக்கிறோம் என்பதற்கு அரசைக் கை காட்ட முடியாது.

நாகூர்க் கந்தூரி இக்கதையில் முக்கியமான இடம் வகிக்கிறது. கந்தூரி பற்றிய மார்க்க விவாதம் இங்கே நம் பொருளன்று. அதில் வாசகர்கள் பல நிலைப்பாடுகளில் இருப்பார்கள் என்பதை அறிவோம். வரலாறு என்ற வகையில் பார்த்தால், ஜமாதுல் ஆகிர் மாதம் பிறந்ததும் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டுவித்த 131 அடி மினாராவைச் சுற்றிக் கூடும் கூட்டம், டெல்டாவின் மிகப்பெரிய மக்கள் திரள்களுள் ஒன்று. முஸ்லிம்களுக்கு நிகராக இந்துச் சகோதரர்களும் வருவார்கள். திரள் இருக்குமிடத்தில் கடை இருக்கும். கடை இருக்குமிடத்தில் பிள்ளைகளுக்கான பொருள் இருக்கும். காகித டமாரம், அமுக்கினால் டக் டக்கென்னும் தகரத் தவளை, பலூனோடு கூடிய ஊதல், இழுத்தால் கொட்டும் சிறு வண்டி, தண்ணீர்த் தொட்டியில் படபடவென்று சுற்றும் தகரப் படகு. இந்தப் படகின் வரலாறு சுவையானது. உள்ளே சிறு விளக்கு எரியும். தகரக் கலத்திலுள்ள நீர் கொதித்து ஆவி தள்ள, படகு சத்தமிட்டுக்கொண்டே நகரும். 1891ஆம் ஆண்டு தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை கோரினார். அது உலகம் சுற்றி நம் திருவிழாக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. தகரத் தவளையின் உறவினன் ஒன்று போருக்கும் போயிருக்கிறது. 1944 ஜூன் மாதம் பிரான்சில் இரவில் குதித்த அமெரிக்கப் படைவீரர்கள், இருட்டில் ஒருவரையொருவர் அடையாளம் காண இப்படி டக்கென்னும் சிறு கருவியைத்தான் கையில் வைத்திருந்தார்கள். அவ்வளவு தூரம் கேட்கும் ஒலி அது. கந்தூரி முடிந்து திரும்பும் ரயில் பெட்டியில் அதில் பத்துப் பதினைந்து இருந்தால் என்ன ஆகும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விடுகிறோம்.

கடல் வழியாகவும் விளையாட்டுப் பொருள்கள் வந்தன. நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களில் வெளிநாடு சென்று பொருளீட்டுபவரைச் சபராளி என்று அழைப்பார்கள். பயணம் என்று பொருள்படும் ஸஃபர் என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்த சொல் இது. 1926ல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதன் டெக்கில் பாய் விரித்துப் பயணம் செய்த சபராளிகளின் பெட்டியில், பிள்ளைகளுக்கென்று சாவி கொடுத்தால் ஆடும், கொட்டும் தகரப் பொம்மை இருக்கும். டெக் பயணம் பல நாள். பக்கத்துப் பாய்க்காரரோடு உண்டு உறங்கிப் பயணிக்க வேண்டும். ஸஃபர் என்ற சொல்லையே தம் அடையாளமாகக் கொண்ட ஒரு சமுதாயம், ஸஃபருடைய அதபுகளை மற்றவர்களைவிட நன்கு அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

அந்த அதபுகளுக்கு வருவோம். முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். பிள்ளைகளின் விளையாட்டையும் ஆரவாரத்தையும் மார்க்கம் வெறுக்கிறது என்று சிலர் பேசுவதுண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகள் வைத்து விளையாடியதும், நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்குள் வரும்போது வெட்கப்பட்டு ஒளிந்துகொண்ட தோழியரை அண்ணலாரே மீண்டும் விளையாட அனுப்பிவைத்ததும் புகாரியில் உள்ள செய்தி. துணியால் இறக்கை வைத்த குதிரைப் பொம்மையைக் கண்டு, குதிரைக்கு இறக்கையா என்று நபியவர்கள் கேட்க, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததே என்று அன்னையார் பதில் சொல்ல, நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்த நிகழ்ச்சி அபூதாவூதில் இருக்கிறது. பெருநாளன்று இரு சிறுமியர் தஃப் கொட்டிப் பாடியபோது அபூபக்கர் (ரலி) அவர்கள் அதட்ட, பெருநாளாயிற்றே, விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் தடுத்தார்கள். ஆக, வீட்டுக்குள் குழந்தையின் சத்தத்துக்கு இடமுண்டு. பெருநாளில் அதற்குக் கூடுதல் இடமுண்டு.

பயணம் என்று வரும்போது ஹதீஸ்களின் போக்கே வேறாக இருப்பதைக் காண்கிறோம். அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் மேட்டில் ஏறும்போதெல்லாம் உரத்த குரலில் தக்பீர் முழங்கினார்கள். நீங்கள் செவிடனையோ, இங்கில்லாதவனையோ அழைக்கவில்லை, உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள் என்ற பொருளில் நபியவர்கள் அவர்களை அமைதிப்படுத்தினார்கள். அங்கே எழுந்தது தக்பீர் என்பதை மறந்துவிடக் கூடாது. அன்ஜஷா என்பவர் இனிய குரலில் பாடி ஒட்டகங்களை ஓட்டுபவர். பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்கள் அவர் பாட்டில் வேகமெடுத்தபோது, கண்ணாடிப் பாத்திரங்களைக் கொண்டு செல்வது போல் மெதுவாகப் போகும்படி நபியவர்கள் சொன்னார்கள். பாட்டை ஒரேயடியாகத் தடை செய்யவில்லை. ஏறி அமர்ந்திருப்பவர் யார், அவர் எதைத் தாங்குவார் என்று பார்க்கச் சொன்னார்கள்.

மணி பற்றிய ஹதீஸும் உண்டு. மணியுடன் செல்லும் பயணக் கூட்டத்தோடு மலக்குகள் துணை வருவதில்லை என்ற கருத்தில் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இதன் காரணத்தைப் பற்றி அறிஞர்கள் பலவாறு பேசியிருக்கிறார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் விளக்கவுரையில், ஷாம் நாட்டு முற்கால அறிஞர்களில் ஒரு சாரார் பெரிய மணியைத்தான் வெறுத்தார்கள், சிறிய மணியை அன்று என்று எடுத்துரைக்கிறார்கள். மார்க்க அறிஞர்கள் ஒலியின் அளவைக்கூடக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஒலிக்கும் சதங்கை அணிந்த சிறுமியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அழைத்து வந்தபோது, அவற்றை அகற்றாமல் உள்ளே கொண்டுவர வேண்டா என்று அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் ஒரு செய்தி இருக்கிறது. சலங்கைக் கொலுசு பூட்டி மகிழும் நம் தஞ்சைப் பகுதித் தாய்மார்களுக்கு இது கொஞ்சம் கடினமாகத் தோன்றலாம். அந்தச் சட்டத்தின் விரிவுக்குள் நாம் இப்போது நுழையவில்லை. பொம்மைகள் வைத்து விளையாடியதைத் தாமே மகிழ்வோடு அறிவித்த அதே அன்னையார்தாம் இதையும் சொன்னார்கள் என்பதை மட்டும் கவனிக்கிறோம். விளையாட்டு வேறு, ஓயாத ஒலி வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இவை அனைத்துக்கும் அடித்தளமான ஒரு சொல் குர்ஆனில் இருக்கிறது. நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனத்தில் பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், அண்டை வீட்டார் என்று நன்மை செய்யப்பட வேண்டியவர்களின் வரிசை வருகிறது. அந்த வரிசையில் அஸ்ஸாஹிபு பில் ஜன்ப் என்ற ஒருவரும் இருக்கிறார். விலாப்புறத்தில் இருக்கும் தோழர் என்பது அதன் நேர்ப்பொருள். இது மனைவியைக் குறிக்கும் என்று சொன்ன முஃபஸ்ஸிர்கள் உண்டு. இப்னு அப்பாஸ் (ரலி), முஜாஹித், கதாதா (ரஹ்) போன்றோர் இது பயணத்தில் உடன் வருபவரைக் குறிக்கும் என்றார்கள். வீட்டுப் பக்கத்திலிருப்பவர் வாழ்நாள் அண்டைவீட்டார் என்றால், பேருந்து இருக்கையில் பக்கத்திலிருப்பவர் ஒரு மணிநேர அண்டைவீட்டார். தஞ்சாவூரில் ஏறிக் கும்பகோணத்தில் இறங்கிவிடுவார்; பிறகு அவர் முகம்கூட நமக்கு நினைவிராது. ஆனால் அவருடைய ஹக்கு பெற்றோரின் ஹக்கு சொல்லப்பட்ட அதே வசனத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. அவர் முஸ்லிமாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் அந்தச் சொல்லில் இல்லை. கந்தூரி ரயிலின் மரப்பலகையில் 1862ல் நம் முன்னோர் பக்கத்தில் யார் அமர்ந்தாரோ, இன்று அரசுப் பேருந்தில் நம் பக்கத்தில் யார் அமர்கிறாரோ, அவர்தாம் அந்த வசனத்தின் ஆள்.

இரவுப் பணி முடிந்து திரும்பும் செவிலியராக அவர் இருக்கலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டு, கையில் காகிதங்களோடு உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம். அவருடைய காதருகில் மின்கலப் பொம்மைத் துப்பாக்கி ஒரே இரைச்சலைத் திரும்பத் திரும்பக் கக்கிக்கொண்டிருக்கிறது. அவர் திரும்பிப் பார்க்கிறார். அத்தா கைப்பேசியில் இருக்கிறார். உம்மா சன்னலைப் பார்க்கிறார். அவர் ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஏன் சொல்லவில்லை? எதிரே இருப்பது தொப்பியும் புர்காவுமாக உள்ள குடும்பம். ஏதாவது சொல்லப்போய் வேறு விவகாரமாகிவிடுமோ என்ற தயக்கமாகவும் இருக்கலாம். இன்றைய சூழலில் அந்த மௌனம் நமக்குக் கிடைத்த சலுகையன்று. அவர் மனத்தில் எழுந்த கசப்பை நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கசப்பு நம் குடும்பத்தோடு நிற்காமல் நம் தீனின் பெயர்வரை போய்ச் சேரும் என்பதுதான் நம்மை உறுத்துகிறது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். குழந்தையின் அழுகையையும் பொம்மையின் இரைச்சலையும் ஒன்றாகக் கருதுவது அநீதி. பால்குடிக் குழந்தை புழுக்கத்தில் வீறிட்டு அழும்போது, பெட்டி முழுவதும் அந்தத் தாயை முறைத்துப் பார்ப்பதை எல்லாரும் கண்டிருப்போம். ஏன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. பள்ளிவாசலிலேயே கேட்பவர்கள் உண்டு. நபி (ஸல்) அவர்களோ நீண்ட தொழுகையை எண்ணி நின்றவர்கள், பின்னாலிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டதும் தாய் படும் பாட்டை நினைத்துத் தொழுகையைச் சுருக்கினார்கள். இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. தாயை வெளியேற்றவில்லை, தம் தொழுகையைச் சுருக்கினார்கள். அழுகை குழந்தையின் கையில் இல்லை, தாயின் கையிலும் இல்லை. அதைப் பொறுப்பது சகபயணியின் கடமை. சத்தம் போடும் பொம்மை அப்படியன்று. அதைக் கடையில் தேர்ந்தெடுத்தவர் பெரியவர், விலை கொடுத்தவர் பெரியவர், பயணப் பையில் எடுத்து வைத்தவரும் பெரியவர். பிள்ளை செய்தது அதன் பொத்தானை அழுத்தியது மட்டுமே. அதற்காகப் பிள்ளையை ஊரார் முன்னிலையில் அதட்டுவதோ, கையிலிருந்து பிடுங்கி எறிவதோ, தன் தவறுக்குப் பிள்ளையைத் தண்டிப்பதாகும்.

கைப்பேசி இப்போது எல்லாப் பொம்மைகளையும் விழுங்கிவிட்டது. பிள்ளைக்குக் கார்ட்டூன், பெரியவருக்கு பயான். பயான் நல்ல விஷயம்தானே, பேருந்தில் நாலு பேர் காதில் விழட்டுமே என்று ஒலியைக் கூட்டி வைப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அபூதாவூதில் உள்ள இன்னொரு செய்தி போதும். நபியவர்கள் பள்ளியில் இஃதிகாஃப் இருந்தபோது மக்கள் உரக்கக் குர்ஆன் ஓதினார்கள். திரையை விலக்கி, நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் இறைவனோடு தனியே உரையாடுகிறீர்கள். ஒருவரையொருவர் துன்புறுத்தாதீர்கள், ஓதுவதில் ஒருவர் குரலை மற்றவர் குரலுக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்ற கருத்தில் கண்டித்தார்கள். பள்ளிவாசலில், இஃதிகாஃபில், குர்ஆனுக்கே இந்த அளவு என்றால், திருவாரூர்ப் பேருந்தில் ஒலிபெருக்கிய பயானுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? குரலைத் தாழ்த்தும்படி லுக்மான் (அலை) அவர்கள் சொன்ன அறிவுரையும் ஒரு தந்தை மகனுக்குச் சொன்னதே. தந்தையின் கைப்பேசி அலறிக்கொண்டிருக்கும்போது அந்த அறிவுரையை மகனுக்கு யார் சொல்வது?

நாட்டின் சட்டமும் இவ்விஷயத்தில் உறங்கவில்லை. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 145ஆம் பிரிவில், பெட்டிக்குள் தொல்லை விளைவிப்பதைக் குற்றமாக வைத்திருக்கிறது. 2022 ஜனவரியில் ரயில்வே நிர்வாகம், காதுக்கருவி இல்லாமல் பாட்டுக் கேட்பதையும் கைப்பேசியில் உரக்கப் பேசுவதையும் தடுக்கும்படி ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. இரவு 10 மணிக்குப் பின் விளக்குகளையும் சத்தத்தையும் குறைக்கச் சொன்னது. விளையாட்டுப் பொருள்களுக்கும் தர ஆணை ஒன்று உண்டு. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதற்குரிய ஐ.எஸ். 9873 தரநிலையில் ஒலி எழுப்பும் பொம்மைகளின் ஒலியளவுக்கும் வரம்பு இருக்கிறது. குழந்தையின் செவிப்பறையைக் காப்பதே அதன் நோக்கம். கடைத்தெருவில் முத்திரையில்லாமல் குவிந்து கிடக்கும் மலிவுப் பொருள்களை வாங்குவோர், பக்கத்து இருக்கைக்காரரின் காதுக்கு முன்னால் தம் பிள்ளையின் காதைத்தான் பணயம் வைக்கிறார்கள்.

அந்த ஆணையில் கைவினைஞர்கள் செய்யும் பொருள்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு அளித்திருக்கிறார்கள். அவ்விலக்கில் நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் அடங்கும். அடி கனத்து, எந்தப் பக்கம் சாய்த்தாலும் தானே எழுந்து நிற்கும் அந்தப் பொம்மை ஒரு சிறு சத்தமும் போடாது. உருவப் பொம்மைகள் பற்றிய மஸ்அலாவில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குழந்தைகளின் விளையாட்டுக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் ஹதீஸைக் கொண்டு அனுமதித்தவர்களும் உண்டு. அதில் பேணுதலாக இருக்க விரும்புவோருக்குக் கடைகளில் வேறு பொருள்கள் இல்லாமல் இல்லை. மரக்கட்டைகள், துணிப்பந்து, வரைவதற்கு ஒரு சிலேட்டு, கோப்பதற்குப் பெரிய பாசிமணிகள். நீண்ட பயணம் என்றால் ஒன்றையே கொடுத்து வைக்காமல், ஒன்றில் சலித்தபின் அடுத்ததை எடுத்துத் தரலாம். பீப்பியும் டமாரமும் பிள்ளைக்கு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பையின் அடியில் இருக்கட்டும். ஊர் போய்ச் சேர்ந்ததும் கொல்லையில் நின்று ஆசை தீர ஊதட்டும்.

கம்பளி விளையாட்டுப் பொருள் ஒன்றும் நம் நினைவுக்கு வருகிறது. முஅவ்விதின் மகளார் ருபய்யிஉ (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அது. மதீனாவில் ஆஷூரா நோன்பு நாளில் பெரியவர்கள் நோன்பு நோற்றதோடு சிறு பிள்ளைகளையும் நோற்கச் செய்தார்கள். பள்ளிவாசலுக்கும் அழைத்துச் சென்றார்கள். பசியில் பிள்ளை அழும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்காகக் கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து முன்கூட்டியே வைத்துக்கொண்டார்கள். அழுதபோது அதைக் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம்வரை பிள்ளையைத் தேற்றினார்கள்.